ரயிலில் இரண்டு டப்பா

பிர்னோ,
7 செப்டம்பர் 1998

அன்புள்ள அலெனா,

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். உன் அக்கா வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

லூதெக் வழக்கம்போல நம் நாலு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். இந்த வருஷம் புடாபெஸ்ட். போன வருஷம் கிராக்கோவில் நமக்கு முன்னால் கோட்டை ஏறிய ஆள் இல்லை அவன் இப்போது. அடுத்த மாதம் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். "நாலு பேரும் ஒரு தடவ போய்ட்டு வந்துட்டா, அப்புறம் டாக்டர் எங்க வேணா அறுத்துக்கட்டும்டா" என்கிறான். நீ என்னை விட்டுப் போனதை அவனிடமும் அவன் பெண்டாட்டி யார்மிலாவிடமும் நான் சொல்லவில்லை. அக்காவுக்குக் கால் முறிவு, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வா. மூன்று நாள் புருஷன் பெண்டாட்டியாக இருந்துவிட்டுப் போ. உன்னிடம் மறைப்பானேன், திரும்பும்போது நீ என்னோடு வீட்டுக்கே வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. நீ இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

உன்
ரதிம்

யிஹ்லவா,
12 செப்டம்பர் 1998

ரதிம்,

லூதெக்குக்காக வருகிறேன். உனக்காக இல்லை. நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். நல்லா இருந்த காலை முறித்துவிட்டாயே என்று அக்கா உன்னைத் திட்டுகிறாள்.

"அவனுக்கு வேற பொம்பள யாராவது உண்டா?" என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். இருந்திருந்தால் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும். போன வருஷம் எனக்குப் பித்தப்பையை எடுத்துத் தையல்கூடப் பிரிக்கவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இறைச்சியை ரொட்டித்தூளில் புரட்டி நாலு பேருக்கும் ஷ்னிட்ஸல் பொரித்தேன். நீ பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ரயில்ல ஷ்னிட்ஸல் இல்லன்னா அது என்ன பயணம்?" என்றாய். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். பாவம், இவனுக்கு ஒரு முட்டை பொரிக்கவும் வராதே என்று நானே உனக்காக வக்காலத்து வாங்கினேன். வாங்கி வாங்கி அலுத்துப்போய்த்தான் கிளம்பினேன்.

ரயிலில் இதையெல்லாம் பேச்செடுக்காதே. வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பயணம் முடிந்த பிறகு யோசிக்கிறேன்.

அலெனா

பிர்னோ,
2 அக்டோபர் 1998

அன்புள்ள அலெனா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? ஸ்டேஷனில் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாய்.

என்னை மன்னித்துவிடு. ரயில் நகர்ந்ததும் வழக்கம்போல யார்மிலா கேக்கை எடுத்தாள், நீ உன் டப்பாவைத் திறந்தாய். நானும் பெருமையாக, நானே பொரித்த ஷ்னிட்ஸல் டப்பாவைத் திறந்தேன். உன்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று மட்டும்தான் யோசித்தேனே தவிர, நீயும் கொண்டுவருவாய் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. "ஒரே வீட்டுலேந்து ரெண்டு டப்பாவா?" என்று யார்மிலா கேட்டாள். "என்னம்மா அலெனா, ஆளுக்கொரு அடுப்பா?" என்று லூதெக் சிரித்தான். நாம் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அவன் சிரிப்பு நின்றுபோனது.

அதற்குப் பிறகு அது பயணமா? புடா கோட்டைக்கு மேலே பெஞ்சில் உட்கார்ந்து அவன் ஆற்றைப் பார்க்கவே இல்லை. "என்கிட்ட சொல்லிருக்கலாம்டா. சாகப்போறவன்னு எல்லாரும் எனக்கு நாடகம் ஆடுறீங்க" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நான் பொரித்ததை நீ முழுசாகச் சாப்பிட்டாய். "நல்லா இருக்கு" என்றாய். அதைச் சொல்லிவிட்டு ஏன் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாய்? ஒரு வாரம் தினமும் பொரித்துப் பழகினேன். புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். இனி சமையல் என்னுடையது. வீட்டுக்கு வந்துவிடு.

உன்
ரதிம்

யிஹ்லவா,
9 அக்டோபர் 1998

ரதிம்,

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் லூதெக்கைப் பார்த்தேன். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஏன் அழுதாய் என்று கேட்கிறாய். நீ பொரித்தது நன்றாக இருந்தது. கருகியிருந்தால், உப்புக் கரித்திருந்தால், நான் சிரித்திருப்பேன். இவனைத் தனியாக விட்டால் பட்டினி கிடப்பான் என்று உன்னோடு வீட்டுக்கு வந்தும் இருப்பேன். அப்படி ஒரு எண்ணத்தோடுதான் பெட்டியில் குளிர்காலத்துக்கான பெரிய ஸ்வெட்டர்களையும் எடுத்து வைத்திருந்தேன்.

ஒரு கடி கடித்ததும் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. இவனுக்கு வராது, இவனால் முடியாது என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் உன்னோடு வாழ்ந்தேன். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாயே, ரதிம். ஒரு வாரம்தானே. அப்படியானால் தையலோடு நான் அடுப்படியில் நின்ற அன்றும் உன்னால் முடிந்திருக்கும். எழுந்து வர வேண்டும் என்றுதான் உனக்குத் தோன்றவில்லை.

உன்மேல் கோபம்கூட வரவில்லை. கோபம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது திரும்பி வரலாம். வக்கீலிடம் பேசிவிட்டேன். காகிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இனி எழுதாதே, நான் பிரிக்க மாட்டேன்.

சமைத்துச் சாப்பிடு. அதுதான் உனக்கு வருமே.

அலெனா