கோஃபரில் என் முதல் பக்கம்

12 ஜூன் 1998, வெள்ளி

என் கோஃபர் பக்கத்தை இன்று சரளா படித்துவிட்டாள்.

எல்லோரும் படமும் நிறமுமாக வெப்சைட் போடுகிறார்கள். எனக்கு இன்டர்நெட்டில் வெறும் எழுத்து மட்டும் வரும் கோஃபரே போதும் என்று போன வாரம் ஆரம்பித்தேன். அதில் தமிழ் எழுத்து வராததால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். சரளா மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் தமிழ்தான் பேசுவாள், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. கல்யாணமானதிலிருந்து நான் எதை எழுதி மேசைமேல் போட்டாலும் கவலைப்பட்டதில்லை.

பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். ஆபீஸ் விட்டதும் தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், நாகர்கோவில் வண்டி கிளம்பும்வரை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வருவேன். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

மழையில் நனைந்து வீட்டுக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள்.

"நான் அவ்வளவு கேக்கேனா?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன்.

சாப்பிடும்போது, வேண்டுமா என்று கேட்காமலே ரசத்தை ஊற்றினாள்.

"அந்த வரிய அழிச்சிரட்டா?" என்றேன்.

"வேண்டாம், அங்ஙன கெடக்கட்டு. நல்லாத்தான் எழுதியிருக்கிய. அடுத்தது என்ன எழுதப் போறியன்னு நான் கேக்கமாட்டேன்."

இப்போது படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. விளக்கை எப்போ அணைப்பிய என்று தினமும் கேட்பவள், இன்று கேட்கவில்லை. அதைக் கேட்கட்டும் என்றுதான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.