ஓடக்காரியின் சம்மதம்

மார்ச் 2

அன்புள்ள ராங்கிக்கு,

போனில் பேசினால் உன்னைப் பேசி முடிக்க விடமாட்டேன், அதனால் எழுது என்றாய். எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? புது ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் ஃபேனாவது ஓடுகிறதா?

நீ போன பிறகு நம் வீட்டுச் சனிக்கிழமைக் கதை ஆட்டம் நடக்கவில்லை. மருந்துக்கடைக்காரரும் எலெக்ட்ரீஷியனும் வந்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள்.

ஆட்டத்தில் நமக்குள் வந்த அந்தப் பஞ்சாயத்தை முடித்துவிடலாம். நீங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுகிறீர்கள். கதையில் வருகிற மற்ற எல்லோருக்கும் நான்தான் வாய். சந்தேகம் வந்தால் பகடை. என் ராஜா உன் ஓடக்காரியைக் கோட்டையிலேயே தங்கச் சொன்னார். இருபது முகப் பகடையை உருட்டினேன், முழுசாக இருபது விழுந்தது. சம்மதித்துவிட்டாள் என்றேன். இதில் என்ன தப்பு? கொள்ளைக்காரன் பகடைப்படி வெட்டினால் ஒத்துக்கொள்கிறாயே! கத்திக்கு ஒரு நியாயம், பேச்சுக்கு ஒரு நியாயமா?

மாதக் கடைசிக்குள் வேலையை நிரந்தரமாக்கவா, வேண்டாமா என்று நீ சொல்ல வேண்டுமாமே. உன் அக்கா சொன்னார். அதே நினைப்பில் ரிப்பேருக்குப் போன இடத்தில் லிப்ட் குழியின் கதவைச் சாத்தாமல் வந்துவிட்டேன். மானேஜர் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

உன் நாட்டாமை

மார்ச் 9

அன்புள்ள நாட்டாமைக்கு,

ஃபேன் ஓடுகிறது, லொடலொடவென்று. முதலில் நீ கதவைச் சாத்து. யாராவது விழுந்து தொலைக்கப் போகிறார்கள்.

கத்தி அவளை என்ன செய்கிறது என்று பகடை சொல்லட்டும். அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்று நான்தான் சொல்ல வேண்டும். அதையும் பகடையே சொல்லிவிட்டால் அந்த மேஜையில் எனக்கென்ன வேலை, டீ போடுவதா?

"அவ சம்மதிக்கல" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "இருபது விழுந்தாச்சும்மா, சம்மதிச்சுட்டா" என்றாய். அந்த "ம்மா"வை நினைத்தால் இப்போதும் எரிகிறது. நான் வேண்டாம் என்ற வீட்டை வாங்கும்போதும் இதே மாதிரிதான் சிரித்தாய்.

ராங்கி

மார்ச் 16

அன்புள்ள ராங்கிக்கு,

விதியைத் திருத்திவிட்டேன்! பகடையில் நான் ஜெயித்தாலும் ஓடக்காரி மறுக்கலாம். ஆனால் மறுத்தால் அவள் தைரியத்தில் மூன்று புள்ளி குறையும். மருந்துக்கடைக்காரர், "இது நியாயமா இருக்கே" என்கிறார். எலெக்ட்ரீஷியன், "உங்க வீட்டுச் சண்டையில என்னை இழுக்காதீங்க சார்" என்கிறார்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. நீ திரும்பி வருவாயா என்று நேற்று உருட்டிப் பார்த்தேன். பதினெட்டு! பல நாளுக்குப் பிறகு தூங்கினேன். வருவாய்தானே? மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் நாட்டாமை

மார்ச் 21

நாட்டாமைக்கு,

வேண்டாம் என்று சொல்ல நான் எதற்கு விலை கொடுக்க வேண்டும்? பகடையைக் கேட்டாய், மருந்துக்கடைக்காரரைக் கேட்டாய், வெள்ளையடிக்கிறவரிடம்கூடப் பேசிவிட்டாய். என்னைக் கேட்கத் தோன்றவில்லையே உனக்கு! "வருவாய்தானே" என்பதெல்லாம் ஒரு கேள்வியா?

திட்டவில்லை. அழுகைதான் வருகிறது. வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ராங்கி

மார்ச் 24

என் ராங்கிக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு விதி வந்து நின்றது.

உனக்கு என்ன வேண்டும்?

சொல். குறுக்கே பேசமாட்டேன். 

நான்தான்

மார்ச் 29

அன்புள்ள நாட்டாமைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமையே கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். கல்யாணமானதிலிருந்து நீ இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்போது எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

இப்போது தெரிகிறது. எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். சின்ன அறைதான், ஜன்னலைத் திறந்தால் காதைப் பிளக்கிற பஸ் சத்தம். ஆனால் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று நானே யோசிக்கிறேன். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை நிரந்தரம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபத்தில் போடவில்லை, நம்பு. நீ அப்படிக் கேட்ட பிறகு உன்னிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. என் துணிகளை அனுப்பி வை. எல்லாத் துணிகளையும்.

ராங்கி