எல்லைக்கல்லில் நரி

22 செப்டம்பர் 2025
ஆலைக்குப் பின்னாலுள்ள முள்புதரில் நரி இன்னும் இருக்கிறது. எல்லைக்கல்லில் அதன் சிறுநீர் ஈரம். குனிந்து மோந்தேன் — அதே காரம். கல்லூரி நாட்களில் பிரின்சியும் நானும் நரி ஆராய்ச்சிக்காக இந்தக் கல்லடி மண்ணைக் குப்பியில் அள்ளிக்கொண்டு கவரைப்பேட்டையில் ரயில் ஏறுவோம். பெட்டியே மூக்கைப் பொத்தும். "இன்னாமே இது, கருவாடே தேவலாம்" என்றார் ஒரு அம்மா. கல்லூரி இருந்த திருநின்றவூர் போய்ச் சேரும்வரை சிரித்தாள் பிரின்சி. அவள் இறந்துபோய் இரண்டு வருடம். நான் இந்த ஆலையின் சோதனைக்கூடத்திலேயே வேலைக்கு வந்துவிட்டேன்.

26 செப்டம்பர்
புதரை வெட்டிக் கிடங்கு கட்டப்போகிறார்கள். மேலாளர் அன்புராஜ் சாரிடம் கெஞ்சினேன். "ஒத்த நரிக்காக பிளான மாத்துறதா நந்தினி? புடிச்சிக்கினு போகச் சொல்லலாம். ஜோடியா கீதுன்னு காட்டு, அந்த மூலைய உட்டுடறேன்."

ஜோடி இருந்தால் சிறுநீரே சொல்லிவிடும். இணை சேரும் பருவத்தில் பெண் நரியின் வாசனை மாறும். ஆண் அதன்மேலேயே தன்னுடையதை விடும். பருவம் வரட்டும்.

3 அக்டோபர்
ஆயுத பூஜை முடிந்து வந்தால், கல் பளபளக்கிறது! தோட்டவேலை பூவம்மாள் சோப்புப் போட்டுத் தேய்த்து, மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்திருக்கிறார். "ஒரே நாத்தம்மா. அல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சிட்டு எல்லைக்கல்ல மட்டும் எப்டி உடறது?" யாரைக் கோபிக்க? நானும்தானே என் கருவிக்குப் பொட்டு வைத்தேன்.

போச்சு. எல்லாம் போச்சு. இனிமே அது இங்க வருமா?

19 அக்டோபர்
வரவில்லை.

8 நவம்பர்
இன்றும் இல்லை. பிரின்சி இருந்தால் திட்டியே தேற்றியிருப்பாள்.

14 டிசம்பர்
மழையில் மஞ்சள் கரைந்துவிட்டது. கல்லில் புது ஈரம் — அந்தக் காரம்! வந்துட்டான்! சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

11 பிப்ரவரி 2026
கல்லடி மண்ணைச் சோதனைக்கூடத்தில், வாசனையைப் பிரித்துக் காட்டும் என் கருவியில் ஓட்டினேன். ஆணின் வாசனையோடு இன்னொன்று. பெண். பருவத்தில் இருக்கிறாள். நம்பிக்கை வராமல் மறுபடியும் ஓட்டினேன். அதேதான். முடிவுத் தாளை அன்புராஜ் சாரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

9 மார்ச்
கிடங்குக்கு இன்று அளவு போட்டார்கள். சுண்ணாம்புக் கோடு நேராகப் புதர்வரை வந்தது. அங்கே வளைந்து, புதரைச் சுற்றிக்கொண்டு போனது.

"உட்டுட்டாங்கடி பிரின்சி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அழுகை வந்துவிட்டது. அன்புராஜ் சார் போனில் பேசுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.