துரை என்னை வீட்டுக்குள் விடாதது தொடர்பாக

அனுப்புநர்:
இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தபால் பட்டுவாடா செய்பவர்,
மாடிப்படிக்கு அடியிலுள்ள வீடு.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: நானோ வெள்ளித் துகள் கலந்த வாடை நீக்கி, சொன்னபடியே வேலை செய்ததால் நேர்ந்த கஷ்டம் – நிவாரணம் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நாள் முழுவதும் நடப்பது என் தொழில். மாலையில் நான் ஷூவைக் கழற்றினால் என் மனைவி ஜன்னலைத் திறப்பார். அதில் அவர்மேல் குற்றமில்லை. இதைப் பார்த்த என் மைத்துனர் மேற்படி தெளிப்பானை வாங்கிவந்து, "ஒரு தடவை அடிச்சா தொண்ணூறு நாளைக்குக் கவலையே இல்ல மாமா" என்றார். அவர் வாங்கிவந்த பொருள்களில் உருப்படியாக வேலை செய்தது இது ஒன்றுதான். என் கெட்ட நேரம்.

2. மனைவி என் ஷூ, காலுறை, சீருடை எல்லாவற்றிலும் அடித்தார். உடம்பிலும் அடிக்கலாம் என்று டப்பாவில் போட்டிருந்ததால் என்னையும் நிற்கவைத்து அடித்தார். வாடை போன இடம் தெரியவில்லை.

3. எங்கள் நாய் துரைக்கு வயது பதினான்கு. இரு கண்ணும் தெரியாது, காதும் மந்தம். மூக்கு ஒன்றுதான் மிச்சம். அன்று மாலை நான் வாசற்படி ஏறியதும் என்னைக் குரைத்து விரட்டியது. அதுமுதல் பின்வாசல் வழியாகத் திருடன்போல் நுழைகிறேன்.

இத்தனை ஆண்டுகளில் என்னைப் பார்த்துக் குரைக்காத நாய் துரை மட்டுமே. இப்போது தெருநாய்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

4. தேய்த்துக் குளித்தும் மருந்து போகவில்லை. வியர்க்க வேண்டுமென்று மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினேன். "ஏதாவது தேடுறீங்களா சார்?" என்று மேல்வீட்டுக்காரர் கேட்டதுதான் மிச்சம்.

5. நிறுவனத்துக்கு எழுதினேன். பொருள் சிறப்பாகச் செயல்பட்டமைக்கு வாழ்த்துச் சொல்லி, இலவசமாக இன்னொரு டப்பா அனுப்பினார்கள். அதைப் பட்டுவாடா செய்ததும் நானே.

6. மருந்து படாத பழைய காலுறை ஒன்றைச் சான்றாக அனுப்பும்படியும் கேட்டுள்ளனர். கட்டிலுக்கடியில் ஒன்று தப்பியிருந்தது. துரை அதை முன்னங்காலுக்கடியில் வைத்துப் படுத்திருக்கிறது. எடுக்கப் போனால் கடிக்க வருகிறது. என் காலுறையை என்னிடமிருந்தே காக்கிறது. ஆகவே அதை இணைக்க இயலவில்லை.

7. துரை என் கையால்தான் சாப்பிடும். இப்போது மனைவி வைப்பதில் பாதியை விட்டுவிடுகிறது. மாலை ஐந்தரைக்கு வாசலில் போய் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறது. நான் வந்தால் குரைத்து விரட்டிவிட்டு, மறுபடி எனக்காகவே காத்திருக்கிறது. மனுவில் அழக்கூடாது என்று தெரியும். ஆனாலும் அழுகை வருகிறது.

தொண்ணூறு நாள் எனக்குப் பெரிதல்ல. பதினான்கு வயது நாய்க்கு அது நீண்ட காலம். ஆகவே, கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். இதை முறிக்கும் மருந்து இருந்தால் உடனே தரும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். விரைவுத் தபாலில் வந்தால் ஓடியே கொண்டுவந்து சேர்ப்பேன்.

இப்படிக்கு,
துரை காத்திருக்கும் ஆள்

இடம்: எங்கள் வீட்டு வாசற்படி, வெளிப்பக்கம்
நாள்: தொண்ணூறில் நாற்பத்தொன்று