பச்சைப் பெட்டி அங்கேயே இருக்கட்டும்

நாகர்கோவில்
22-10-1934, திங்கட்கிழமை

என் அன்பு மகள் ஜெபகுமாரிக்கு அம்மா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை சுகிர்தமும், போன மாதம் பிறந்த கன்றுக்குட்டி உட்பட, கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, உன் கையெழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உன் கடிதம் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது, இன்றோடு பதிமூன்று நாள் ஆகிறது. வேலூரில் நீ தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு விடுதி வாசலில் நின்று ஏமாந்திருப்பாய், அம்மாவுக்குக் கோபம் என்று முடிவு கட்டியிருப்பாய். கோபம் இல்லை மகளே. உனக்குப் பதில் எழுதுவதற்கு முன் இங்கே நான் செய்து தீர்க்க வேண்டிய ஒரு காரியம் இருந்தது, அது நேற்று ஆராதனையில்தான் முடிந்தது. அதைச் செய்யாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் ஏது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். அனாட்டமியில் தேறவில்லை, இனி இங்கே முகம் காட்ட முடியாது, பெட்டியைக் கட்டிவிட்டேன், அப்பாவை உடனே அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்பா வரமாட்டார். ஏப்ரல் மாதம் மறுபடி எழுதலாம் என்று ஒரு வரி எழுதி, அதன் மேல் நான்கு கோடு போட்டு அடித்திருக்கிறாய். அடித்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வாசிக்க முடிந்தது. இந்தப் பதிமூன்று நாளும் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியைத்தான். பெட்டியை அவிழ்த்துச் சாமான்களை எடுத்து வை, பிறகு மீதியை வாசி.

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நம் சபையில் அறுப்பின் பண்டிகை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு வீட்டாரும் இந்த ஒரு வருஷத்தில் பெற்ற நன்மைகளைச் சீட்டில் எழுதி உபதேசியாரிடம் கொடுத்துவிட வேண்டும், காணிக்கைப் பொருளைப் பீடத்தண்டை வைக்கும்போது அவர் அதைச் சபைக்கு வாசிப்பார், உனக்குத் தெரிந்ததுதான். நான் சீட்டு எழுத உட்கார்ந்தபோது எழுத எவ்வளவோ இருந்தது. பங்குனியில் அப்பா விஷக்காய்ச்சலில் இருபத்தொரு நாள் கிடந்து, மெலிந்து, கம்பு ஊன்றி எழுந்து, இப்போது பழையபடி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறார். சுகிர்தத்துக்கு அம்மை போட்டு இறங்கியதில் நெற்றியில் ஒரு தழும்போடு போயிற்று. தாழாக்குடி வயலில் கன்னிப்பூ நெல் நன்றாக விளைந்தது. கோடையில் தெருவில் எல்லாக் கிணறும் வற்றியபோது நம் கிணற்றில் மட்டும் கலங்கலாகவாவது தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது, ஆறு வீட்டார் வந்து எடுத்தார்கள். இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசியில், எங்கள் மகள் ஜெபகுமாரி வைத்தியப் பரீட்சையில் தேறினதற்காக என்றும் எழுதிவிட்டேன். நீ பரீட்சை நன்றாக எழுதியதாகச் செப்டம்பரில் எழுதியிருந்தாயே, அந்தத் தைரியம். அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, முடிவு இன்னும் வரவில்லையே நேசம் என்றார். முடிவு வந்த பிறகு நன்றி சொல்ல விசுவாசம் எதற்கு, அதை யாரும் செய்வார்களே என்று நான் அவரிடம் வாதாடினேன். கணக்கு வாத்தியார், விடை தெரியாமல் மார்க் போடுகிறவர் இல்லை, ஆனாலும் அன்று என்னோடு பேசி ஜெயிக்க முடியாமல் விட்டுவிட்டார். அது விசுவாசம் அல்ல மகளே, அவசரம். நம் ஜனத்தின் முன்னால் உன் பெயரைக் கேட்க வேண்டும் என்ற ஆசை. கர்த்தருக்கு நன்றி சொல்கிற சாக்கில் நான் பெருமை அடித்துக்கொண்டேன்.

யேசுரத்தினம் உபதேசியார் அந்த வரிக்கு வந்ததும் குரலை உயர்த்தி வாசித்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது நம்முடைய மட்டி வாழைக் குலையை ஞானையன் டீக்கன் தூக்கிக் காட்டி, டாக்டரம்மா வீட்டுக் குலை, தின்னா நோயே வராது, யாரு கேக்கியோ என்று சத்தம் போட்டார். ராகேல் அத்தை, தம்பி மகளை விட்டுக்கொடுப்பாளா, கேட்ட விலைக்கு மேல் விலை ஏற்றிப் பிடித்தாள். பிடித்ததோடு விட்டாளா. அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் கொடுத்து, மறுநாள் கோட்டாற்றில் பக்கீர் முகம்மது ஜவுளிக் கடைக்கும் ஒரு சீப்பு கொண்டுபோய், எங்க பிள்ள டாக்டராயிட்டா கேட்டியளா, வெள்ளைச் சேலை நல்லதா ரெண்டு எடுத்து வையும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு மறுநாள் உன் கடிதம்.

அத்தை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஏட்டி நேசம், எம் பழத்தத் தின்னவன் எல்லாம் இப்பம் எம்மொகத்தப் பாத்துச் சிரிப்பானே, படிச்சவ இல்லா நீ, கொஞ்சம் பொறுத்து எழுதப்பிடாதா என்றாள். நியாயம்தான். பெத்த பிள்ளைய ஊரு சிரிக்க விடாத, கூட்டிட்டு வா, மார்த்தாண்டத்துல அந்த வாத்தியார் பையன் இன்னும் கலியாணம் ஆவாமத்தான் நிக்கான், தை மாசத்துல முடிச்சுப்போட்டா ஜனம் எல்லாத்தையும் மறந்துபோவும், பரீட்சையாவது மண்ணாவது என்றாள். அப்பாவும் உடனே மறுக்கவில்லை. பிள்ளை அழுது எழுதியிருக்கிறாளே, நான் ஒரு நடை போய்ப் பார்த்து வரட்டுமா என்றுதான் கேட்டார். பார்த்தால் கூட்டிக்கொண்டுதான் வருவார், உன் கண்ணீர் அவருக்குத் தாங்காது. அப்போதுதான் நான் தீர்மானித்தேன், இந்த வீட்டில் இன்னொரு பெட்டி பாதியில் திரும்பி வரக் கூடாது என்று.

இன்னொரு பெட்டி என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் உனக்கு ஒரு பொய் சொல்லி வளர்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தேன், கலியாணம் நிச்சயமானதால் வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. கலியாணம் பிறகுதான் நிச்சயமாயிற்று. நான் லாஜிக்கில் தேறவில்லை. நான்கு மார்க்கில் போயிற்று. மறுபடி எழுத இடம் இருந்தது, டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், நான்தான் உன்னைப் போலவே அழுது எழுதினேன், என் அப்பா வில்வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆரல்வாய்மொழியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினபோது காற்று அடித்த அடியில் பெட்டியின் மேல் மூடியிருந்த போர்வை பறந்து போயிற்று, அதை ஓடிப் பிடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, இனி அந்தப் பெட்டிக்கு என்ன வேலை என்று இருந்தது. அதுதான் இப்போது உன் கட்டிலுக்கடியில் இருக்கிற பச்சைப் பெட்டி. மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்று சிறுபிள்ளையில் நீ கேட்பாயே, அதில் என் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தது, சுரண்டினது நான்தான். அப்பாவுக்கே இதைப் போன வாரம்தான் சொன்னேன். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாலு மார்க்கை ஒளித்துவைத்தாயா என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன், எழுந்து போய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, நான் வேலூர் போகவில்லை, நீ எழுது என்றார்.

ஆனால் எழுதுவதற்கு முன் சபையில் சொன்னதைச் சபையில் திருத்த வேண்டுமே. பண்டிகையன்று கொண்டுவர முடியாமல் போனவர்கள் அடுத்து வரும் இரண்டு ஞாயிறுகளில் காணிக்கை கொண்டு வரலாம். முதல் ஞாயிறு சீட்டை எழுதி மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுபோனேன், கொடுக்கத் தைரியம் வரவில்லை, அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். உன்னைக் கேட்காமல் உன் தோல்வியைச் சபை அறியச் சொல்லலாமா என்ற கலக்கமும் இருந்தது. அதற்கு உன் மன்னிப்பை இப்போது கேட்கிறேன். ஆனால் ஒரு பொய்யை உன் தலையில் வைத்துவிட்டு அதன் கீழ் நீ நிமிர்ந்து நட என்று நான் எப்படிச் சொல்வது. மறுவாரம் சனிக்கிழமையே உபதேசியார் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டேன். அவர் வாசித்துவிட்டு, இதெல்லாம் வேணுமா அம்மா, பொதுவான நன்மைகளுக்காகன்னு வாசிச்சிருதேன், கர்த்தருக்குத் தெரியும் என்றார். கர்த்தருக்கு முன்னமே தெரியும் உபதேசியாரே, ஜனத்துக்குத்தான் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள் என்றேன். நேற்று வாசித்தார். நீயும் வாசிக்க வேண்டும் என்று அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் மகள் தேறினாள் என்று பண்டிகையில் சொன்னது என் அவசரம். அவள் தேறவில்லை. அதை மறைக்காமல் எங்களுக்கு எழுதினதற்காகவும், மறுபடி எழுத அவளுக்கு ஒரு தருணம் இருப்பதற்காகவும், அப்படி ஒரு தருணத்தை இருபது வருஷத்துக்கு முன் விட்டுவிட்டு வந்த தாயாகிய நேசபாய் செலுத்தும் ஸ்தோத்திரம்.

வாசித்து முடித்ததும் எல்லாத் தலையும் நம் பக்கம் திரும்பியது. நான் தலையைக் குனியவில்லை மகளே, குனியக் கூடாது என்று சுகிர்தத்தின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவள் வலிக்கிறது என்று முனகினாள். வெளியே ஏலத்தில் நம்முடைய குலையைத் தூக்கினார்கள். மட்டி வேறு குலை தள்ளவில்லை, ஏத்தன் வாழைதான் இருந்தது, அதுவும் பச்சைக் காய். டீக்கன், ஏத்தங்குலை, யாரு கேக்கியோ என்றார். யாரும் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். போன தடவை நோயே வராதுன்னீரு, இது என்னத்துக்கு டீக்கனாரே என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார், யார் என்று எழுத மாட்டேன், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்பா கையைத் தூக்கப் போனார், தன் காணிக்கையைத் தானே பிடிக்கிற வழக்கம் இல்லை என்று நான் தடுத்தேன். அப்போது வேப்பமரத்தடியில் இருந்து ராகேல் அத்தை, பன்னிரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசாதவள், முன்னால் வந்து, ரெண்டு பணம் என்றாள். போட்டிக்கு ஆள் இல்லாமலே, நாலு பணம் என்று தானே ஏற்றினாள். ஏலே, சிரிச்சவன் எவனாம் இருந்தா அஞ்சு பணத்துக்குக் கேளுலே பாப்போம், எங்க பிள்ள ரெண்டு தடவ எழுதுவா, பத்துத் தடவையும் எழுதுவா, ஒம்மகன் ஒரு தடவ பள்ளிக்கூடத்து வாசல்ல ஏறினானா என்றாள். டீக்கனுக்கே சிரிப்பு அடங்கவில்லை. குலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் பார்த்தால் அவள் வீட்டில் இருந்து தேங்காயெண்ணெய் வாசம், குலை முழுவதையும் சீவி உப்பேரி வறுத்துக்கொண்டிருக்கிறாள். இந்த முறை தெருவில் ஒருவருக்கும் ஒரு துண்டு கொடுக்கவில்லை. பிஸ்கட் டப்பாவில் அடைத்துத் துணி வைத்துத் தைத்துத் தந்திருக்கிறாள், இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. ஒரு நாளைக்கு நாலு துண்டுக்கு மேல தின்னப்பிடாது, ஏப்ரல் வரைக்கும் காணணும்னு எழுது என்றாள். மார்த்தாண்டத்து வாத்தியாருக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். அவன் நிக்கட்டும், காலா நோவுகு என்றாள்.

மழை நேற்றிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, கிணறு இரண்டு முழம் ஏறிவிட்டது. அங்கே குளிர் வரும் முன் கம்பளியை வெயிலில் போடு. அனாட்டமியைத் தனியாக உட்கார்ந்து படிக்காதே, தேறின பிள்ளைகளில் ஒருத்தியிடம் போய் எனக்குச் சொல்லித் தா என்று கேள், வெட்கப்படாதே, நான் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்தேன். ஜெபம் பண்ணு, ஜெபம் பண்ணிவிட்டுப் புத்தகத்தையும் திற. எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே, நீ மறுபடி தேறாமல் போனால் என்ன என்று தினம் ஒரு தரம் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. அப்படி ஆனால் மூன்றாவது சீட்டு எழுதுவேன், அவ்வளவுதான், எழுதப் பழகிவிட்டது.

நம்மை இந்த வருஷம் முழுவதும் காத்து நடத்தின கர்த்தர் உன் கண்ணுக்குத் தெளிவும் கைக்கு நடுங்காத பெலனும் தருவாராக. அப்பா தன் ஆசீர்வாதத்தைத் தனியாக ஒரு கார்டில் எழுதுவாராம், கணக்கு வாத்தியார், இரண்டு வரிக்கு மேல் இருக்காது. சுகிர்தம் கன்றுக்குட்டிக்கு உன் பெயர் வைக்க வேண்டும் என்கிறாள், நான் சம்மதிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ கட்டாயம் வர வேண்டும், அத்தை மாவு இடிக்கும் நாளைக்கூடக் குறித்துவிட்டாள். மாற்றுடுப்பு இரண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வா. பச்சைப் பெட்டி அங்கேயே இருக்கட்டும். மூடியின் உள்ளே சுரண்டின இடத்தில் ஒரு நல்ல காகிதம் ஒட்டி உன் பெயரை எழுது, வகுப்பையும் எழுது. அது ஒரு தடவை ஆரல்வாய்மொழி வழியாகப் பாதிப் படிப்போடு வந்தது போதும்.

உன்னைப் பெற்றதற்காக ஒவ்வொரு வருஷமும் சீட்டு எழுதுகிற அம்மா,
நேசபாய்