ஒரிஜினல் உறைக்குள் என் கையெழுத்து

தம்பி,

உன் தகரப் பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரரான உன் மச்சான், உன் மனைவி, அவளுடைய அண்ணன். உன் கருமாதி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. அவளும் அண்ணனும் வட்டவளையிலிருந்து வந்திருந்தார்கள். அடுப்படிச் சுவரோரம் இருந்த பெட்டியை நான்தான் தூக்கிவந்து வைத்தேன். பூட்டைத் திறந்தவள் உன் மனைவி. சாவி உன் உடுப்புகளோடு அவள் கைக்கு வந்ததாம்.

மூடியைத் தூக்கியதும் பிளாஸ்டிக் வாடையும் விறகுப் புகையும் சேர்ந்து வந்தன. கொழும்பில் வேலை செய்து நீ ஒவ்வொன்றாகச் சேர்த்த கேம் சீடிகள். உறைகள் கடையில் இருந்தபடியே இருந்தன. உன் மனைவி முதல் உறையைப் பிரித்தாள். உள்ளே ஒரிஜினல் இல்லை. நான் கம்பியூட்டரில் நகலெடுத்துக் கொடுத்த கொப்பி. மேலே நீல மையில் என் எழுத்து. அடுத்ததிலும் அப்படியே. எல்லாவற்றிலும் அப்படியே.

"இது உங்க எழுத்துதானே மதினி?"

"ஆமா."

"அப்ப ஒரிஜினல் எங்க?" என்றான் அவள் அண்ணன்.

உன் மச்சான் குறுக்கே வந்தார். "சாவி அவன்கிட்டதானங்க இருந்துச்சு. நாங்க தொறந்ததே இல்ல."

"என்னாங்க பெரிய பூட்டு? கொண்டை ஊசி போதும்."

அந்தப் பேச்சைக் கேட்டபடி நான் நின்றேன், தம்பி. என் வீட்டில்.

நம் மலைப் பனிக்குச் சீடியில் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயந்து, அடுப்படிச் சுவர்தான் காய்ந்த இடம் என்று என்னிடம் கொண்டுவந்தவன் நீ. ஒரிஜினலை ஒரு தடவை கம்பியூட்டரில் போட்டுக் கொப்பி எடுக்க வேண்டும், பிறகு அதைத் தொடவே கூடாது, விளையாட்டெல்லாம் கொப்பியில்தான் என்பது உன் சட்டம். லீவில் வந்து சாயங்காலம் உட்கார்ந்து நீ எடுப்பாய். அந்த நேரம் லயத்தில் வரிசையாக இருக்கும் எல்லா வீட்டிலும் கரண்ட் கேத்தலில் தண்ணி கொதிக்கும், கரண்ட் இறங்கும், சீடி பாதியில் கெட்டுப்போகும். மறுநாள் காலை, பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்து ஆட்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போய், லயம் அடங்கிய பிறகு, சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு நான் எடுப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. நீ கெடுத்ததைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். கெட்டதையும் வீட்டுக் கணக்கில் எழுதிவைப்பேன் என்பதால் உனக்கு நான் கணக்குப்பிள்ளை.

"என்ன கணக்குப்பிள்ளை, இன்னைக்கு எல்லாம் தேறுச்சா?"

"நீ தொடாதது எல்லாம் தேறுச்சுடா."

சிரிப்பாய். ஒரிஜினலை நீயே பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாய். கொப்பியோடு கொழும்புக்குப் பஸ் ஏறுவாய். ஆயுதபூஜைக்கு அந்தப் பெட்டியையும் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனப் பொட்டு வைப்பேன்.

கடைசியாக நீ வந்த நாளைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கனத்த பையோடு வந்தாய்; கொழும்புக்குக் கொண்டுபோன கொப்பிகள் அதில்தான் திரும்பி வந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "கொஞ்சம் காத்தாடட்டும்க்கா, நீ போயி தேத்தண்ணி போடு" என்றாய். நான் வருவதற்குள் பூட்டிவிட்டாய். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, "கொப்பியே நல்லா ஓடுதுக்கா. ஒரிஜினல் என்ன சாமியா?" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

யாருக்குக் கொடுத்தாய், எதற்குக் கொடுத்தாய் என்று தெரியாது. உன் பொருள், கேட்க எனக்கு உரிமை இல்லை. உறைகளை வெறுமையாக விட்டிருக்கலாம் அல்லவா? உன் மனைவி எப்போதாவது திறந்து பார்த்தால் நிறைந்து தெரிய வேண்டும் என்று, என் எழுத்தை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளிடம் கடைசிவரை, "அக்கா வீட்டுல பத்திரமா இருக்கு" என்றே சொல்லி வந்திருக்கிறாய்.

"நான் விக்கவா கேட்டேன் மதினி? அவரு ஆசையாச் சேத்தது. பாத்துக்கிட்டு இருக்கத்தான் கேட்டேன்" என்று அவள் அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவள் அண்ணன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்: "வர்ற வெள்ளிக்கெழம மாரியம்மன் கோயில்ல சூடம் அணைச்சு, எடுக்கலன்னு சொல்லட்டும். நாங்க நம்புறோம்."

எரிகிற சூடத்தின் மேல் கைவைக்கும் நிலை எனக்கு இதுவரை வந்ததில்லை. அணைத்தால், என்மேல் உள்ள பழி நீங்கும். ஆனால் என் தம்பி தன் மனைவியை ஏமாற்றினான் என்று தோட்டமே பார்க்க அம்மனிடம் நானே சொன்னதாக ஆகும். போகாவிட்டால் நான் திருடி. உன் மச்சான், "போ, உண்மைதானே, பயம் என்ன?" என்கிறார். பயம் இல்லை. காலையில் விளக்கு வைக்கும்போது உன் பெயரைச் சொல்லித்தான் இன்னும் கும்பிடுகிறேன். சொன்னவுடன் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். நீ எனக்கு விட்டுப்போனது இந்த இரண்டும்தான்.

என் கனவில் வர வேண்டாம். உன் மனைவியின் கனவில் போ. எடுத்தது நீதான் என்று உன் வாயால் சொல். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல். சீக்கிரம் பதில் வேண்டும்.

அக்கா