புரட்டித் தைத்த நைட்டி

ஜனவரி 19, திங்கள்
நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றி இன்றோடு இருபத்தாறு நாள். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், "இருதயம் நல்லா இருக்குதுங்கம்மா. மனசுதான் சோர்ந்து கெடக்குது. ஊட்டுக்காரர்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க" என்றார்.
எங்கே பேச? திரும்பி வரும்போது காரில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார் என் வீட்டுக்காரர்.

ஜனவரி 20
இன்றும் ஹாலில்தான் பாயை விரித்தார்.

ஜனவரி 22, வியாழன்
கண்ணாடி பார்த்தேன். கழுத்துக்குக் கீழிருந்து வயிறுவரை ஒரே தழும்பு. பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷம் செக்கிங் வேலை எனக்கு. குறை தெரிந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிப் பீஸை ஒதுக்கிவிடுவேன். இப்போது நான் ஒதுக்கின பீஸ் ஆகிவிட்டேனா? அதுவும் முப்பது வருஷம் கூடவே படுத்த மனுஷனுக்கு? அழுதால் நெஞ்சு வலிக்கிறது. அழாமலும் முடியவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு
அவர் கம்பெனியில் டெய்லர். லீவு நாளில் வீட்டு மிஷினில் உட்கார்ந்து, எனக்கு முன்பக்கம் பட்டன் வைத்து ஒரு நைட்டி தைத்தார். வாங்கிப் பார்த்தால் தையல் மடிப்பெல்லாம் வெளியே! பிசிறு பல்லைக் காட்டுகிறது.
"ஏனுங்க, பெரட்டித் தைச்சிருக்கீங்க. இவளுக்கு இது போதும்னு நெனச்சீங்களாக்கும்?" என்று கத்திவிட்டேன்.
செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். போகட்டும், எனக்கென்ன!

ஜனவரி 27, செவ்வாய்
மாற்றுத்துணி காயவில்லை. வேறு வழியில்லாமல் அந்த நைட்டியைப் போட்டேன். உள்ளே வழவழவென்று இருந்தது. தழும்பில் ஒரு நூல்கூட உரசவில்லை.
அடிப்பாவி! அதுக்குத்தான் பெரட்டித் தைச்சாரா? பதினெட்டு வருஷம் துணி பார்த்த கண்ணு எங்கடி போச்சு உனக்கு?

ஜனவரி 28, புதன்
மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் கேட்டே விட்டேன்: "என்னையப் பார்த்தா அருவருப்பா இருக்குதுங்களா?"
சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "என்ன பேச்சு பேசற சாரதா? நீ செத்தாலும் சம்மதம்னு ஆஸ்பத்திரியில என்றகிட்டக் கையெழுத்து வாங்கினாங்க. தூக்கத்துல இந்தக் கை உன்ற நெஞ்சு மேல விழுந்து, எலும்புல கட்டின கம்பி விட்டுப்போச்சுன்னா? தொடவே பயமா இருக்குது புள்ளே."
சாப்பிடாமல் எழுந்துவிட்டார். மீதி நாள் முழுக்க அழுதேன். ஒரு மாசமாக இந்த மனுஷன் பயந்தே செத்திருக்கிறார். நான் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு
மத்தியானம் தலையணையோடு ரூமுக்குள் வந்தார். கட்டிலுக்கு வரவில்லை, கீழே தரையில் படுத்தார். நான் கையைத் தொங்கவிட்டேன். இரண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார். என் கை மரத்துப்போனது. எடுக்கவில்லை.